டைகிரி: ரம், எலுமிச்சை, சர்க்கரை, அப்புறம் தண்ணீர்

வீட்டில் முதல்முறை காக்டெய்ல் கலக்கிப் பார்த்த பலருக்கும் நேர்வது இதுதான். சொன்ன பொருளெல்லாம் சொன்ன அளவில் ஊற்றியிருப்போம், ரம்மும் நல்ல ரம்மாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் ஒரு பக்கம் தொண்டை எரியும், இன்னொரு பக்கம் பல் கூசும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. தண்ணீர் சேர்ந்து சப்பென்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் மூன்றே மூன்று ஐஸ்கட்டி போட்டு, ஐந்து வினாடி பூப்போல ஆட்டி இறக்கிவிட்டேன். பாதி குளிர்ந்தும் குளிராமலும் ஒரு திரவம் வந்தது. சரக்கு மோசம் என்று சொல்லிவிட்டு மிச்சத்தைக் கோலாவில் ஊற்றிக் குடித்து முடித்தேன்.

பாவம், ரம்மின் மேல் தப்பே இல்லை. குறிப்பில் யாரும் எழுதாத நான்காவது பொருளை நான்தான் சேர்க்காமல் விட்டிருந்தேன். அது தண்ணீர்.

இது நானாகக் கண்டுபிடித்த தத்துவமில்லை. காக்டெய்ல் என்றால் என்ன என்று முதன்முதலில் அச்சில் விளக்கம் வந்தது 1806இல், நியூயார்க் மாநிலத்தில் வெளிவந்த ஒரு பத்திரிகையில். ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் எனப்படும் கசப்புச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் காக்டெய்ல் என்று அதில் இருக்கிறது. தண்ணீரைத் தனிப் பொருளாகவே எழுதினார்கள். பிற்பாடு ஐஸ் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், தண்ணீர் ஐஸ்கட்டிக்குள் ஒளிந்துகொண்டு உள்ளே வந்தது. குறிப்புகளிலிருந்து அதன் பெயர் மட்டும் காணாமல் போனது.

இதைப் புரிந்துகொள்ள டைகிரியைவிட நல்ல பாடம் கிடையாது. வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, அவ்வளவுதான். கலர் தண்ணீர், க்ரீம், குடை குத்திய அன்னாசித் துண்டு எதுவும் கிடையாது. தப்பு செய்தால் மறைக்க இடமில்லை, சரியாகச் செய்தால் உடனே நாக்குக்குத் தெரிந்துவிடும். (ஸ்ட்ராபெரியைப் போட்டு மிக்ஸியில் அடித்து, ஸ்ட்ராவோடு உயரமான கிளாஸில் தருகிறார்களே, அதையும் இதே பெயரில்தான் விற்கிறார்கள். எனக்கு அது ஐஸ்கிரீமுக்குத் தூரத்து உறவு.)

டைகிரி என்பது ஓர் ஊரின் பெயர். கியூபாவின் கிழக்கே, சாண்டியாகோ நகரத்துக்கு அருகில், கடலை ஒட்டி இருக்கிறது. பக்கத்தில் இரும்புச் சுரங்கம் இருந்தது. 1898இல் ஸ்பெயினோடு போரிட வந்த அமெரிக்கப் படை கரையிறங்கியது அந்தக் கடற்கரையில்தான். அந்தச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கர், விருந்தாளிகள் வந்த நேரத்தில் ஜின் தீர்ந்துபோக, கையில் கிடைத்த ரம்மை எடுத்துக் கலக்கினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ போகட்டும். அவர் கைப்பட எழுதியதாகச் சொல்லப்படும் ஆறு பேருக்கான குறிப்பு ஒன்று இருக்கிறது. எலுமிச்சை, சர்க்கரை, ரம் எல்லாம் வரிசையாக வருகின்றன. அடுத்த வரியில் இரண்டு சிறிய கப் மினரல் வாட்டர், அதற்கும் மேல் நிறைய நொறுக்கிய ஐஸ். அந்த ஆள் தண்ணீருக்குப் பயப்படவில்லை.

உண்மையில் இந்தக் கூட்டணி காக்ஸுக்கும் மூத்தது. 1740இல் பிரிட்டிஷ் கடற்படையின் எட்வர்ட் வெர்னன், தன் மாலுமிகள் ரம்மை ராவாகக் குடித்துவிட்டுக் கப்பலில் உருளுவதைப் பார்த்து, இனி ஒரு பங்கு ரம்முக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ருசி வேண்டுமென்றால் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருந்தது. ரம், தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சை. ஐஸ் ஒன்றுதான் பாக்கி.

எந்த எலுமிச்சை?

தமிழில் காக்டெய்ல் குறிப்பு படிப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் லெமன் வேறு, லைம் வேறு. நமக்கு இரண்டுமே எலுமிச்சை. லெமன் என்பது பெரியது, மஞ்சள் நிறம், தோல் தடிமன், இரு முனையிலும் கூராக நீண்டிருக்கும். லைம் என்பது சிறியது, உருண்டையானது, தோல் மெல்லியது, பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள், பழுத்தால் அதுவும் மஞ்சளாகும். டைகிரிக்கு வேண்டியது லைம். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. கியூபாவில் லிமோன் என்றால் பச்சை எலுமிச்சைதான். அங்கேயே இருந்து பழகிய காக்ஸின் குறிப்பிலும் லெமன் என்றே எழுதியிருக்கிறது.

பழத்தை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நாலு முறை உருட்டிவிட்டுக் குறுக்கே வெட்டினால் சாறு தாராளமாக வரும். கடைசிச் சொட்டு வரை கசக்கிப் பிழியாதீர்கள், தோலின் கசப்பு இறங்கிவிடும். கொட்டையும் சக்கையும் போக வடிகட்டிக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிழிந்த சாறு அன்றைக்கே தீர வேண்டும். பாட்டிலில் அடைத்து வரும் சாறு இந்தப் பானத்துக்கு உதவாது. அதில் புளிப்பு இருக்கும், எலுமிச்சையின் வாசம் இருக்காது. டைகிரியில் ரம்மைத் தவிர வாசத்துக்கு இருப்பதே அந்த எலுமிச்சைதான், அதிலும் கைவைத்தால் எப்படி?

சர்க்கரை விஷயம் சின்னது. குளிர்ந்த மதுவில் சர்க்கரை லேசில் கரையாது, கிளாஸின் அடியில் மணலாக நிற்கும். அதனால் பாகாகச் செய்துகொள்கிறோம். சர்க்கரையும் தண்ணீரும் எடையில் சமமாக எடுத்து, லேசாகச் சூடாக்கிக் கலக்கினால் போதும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று எதற்கும் காத்திருக்க வேண்டாம். கரைந்து, தெளிந்துவிட்டால் அடுப்பை அணைத்துவிடலாம். ஆறவைத்துச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் கவலையில்லை.

ரம் வெள்ளையாக, 40 சதவீத அளவில், மசாலா வாசனையோ தேங்காய் வாசனையோ ஏற்றாததாக இருந்தால் போதும். வெள்ளை ரம்களிலும் பல, பீப்பாயில் கொஞ்ச காலம் கிடந்துவிட்டு, பிறகு கரியில் வடிகட்டி நிறம் நீக்கப்பட்டவை. அலமாரியிலேயே விலை உயர்ந்த பாட்டிலைத் தேடிப் போகாதீர்கள், எலுமிச்சைக்கு முன்னால் அந்த நுணுக்கமெல்லாம் எடுபடாது.

அளவு: 60 மி.லி. ரம், 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, 20 மி.லி. பாகு. மூன்று பங்குக்கு ஒன்று, ஒன்று. மொத்தம் 100 மி.லி., கணக்குப் போடவும் வசதி. கண்ணளவு, கைப்பக்குவம் எல்லாம் பத்து முறை செய்த பிறகு வரட்டும். இங்கே 5 மி.லி. கூடினாலோ குறைந்தாலோ நாக்கு கண்டுபிடித்துவிடும். அளப்பதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டும் என்றில்லை. இருமல் மருந்து பாட்டிலின் தலையில் கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி வருமே, அதைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வருஷம் அதில்தான் அளந்தேன்.

ஐஸ் செய்யும் வேலை

இனிதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஐஸ் எப்படிக் குளிரவைக்கிறது? அது குளிர்ச்சியாக இருப்பதால் என்றுதான் நினைக்கிறோம். அது ஒரு சிறு பங்குதான். பெரும்பங்கு வேலை நடப்பது ஐஸ் உருகும்போது. ஒரு கிராம் ஐஸ் உருகித் தண்ணீராக 80 கலோரி வெப்பம் தேவை. அதே ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. அந்த வெப்பத்தை ஐஸ் எங்கிருந்து எடுக்கும்? சுற்றியிருக்கும் ரம்மிடமிருந்துதான். ஆக, ஐஸ் உருகாமல் பானம் போதிய அளவு குளிராது. குளிர் வேண்டும், தண்ணீர் வேண்டாம் என்று கேட்பது நனையாமல் குளிக்க வேண்டும் என்பதுபோல.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெறும் தண்ணீரில் ஐஸைப் போட்டுக் கலக்கினால் எவ்வளவு நேரம் ஆனாலும் 0 டிகிரிக்குக் கீழே இறங்காது. டைகிரி இறங்கும், மைனஸ் 5 டிகிரி செல்சியஸ் பக்கம் சாதாரணமாகப் போய் நிற்கும். காரணம், ஆல்கஹால் கலந்த தண்ணீரின் உறைநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. அதனால் 0 டிகிரிக்கு வந்த பிறகும் ஐஸ் தொடர்ந்து உருகுகிறது, உருக உருக வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே போகிறது. கையால் சுற்றும் பழைய ஐஸ்கிரீம் டிரம்மில் ஐஸோடு கல்லுப்பைக் கொட்டுவார்களே, அங்கே உப்பு செய்யும் வேலையை இங்கே ரம் செய்கிறது.

இதில்தான் நான் ஏமாந்தேன். மூன்று ஐஸ்கட்டி போட்டால் தண்ணீர் குறைவாகச் சேரும் என்று எண்ணினேன். நடந்தது என்ன? ஐந்து வினாடியில் உருகியது கொஞ்சம்தான், அதனால் தண்ணீரும் சேரவில்லை, குளிரும் வரவில்லை. ஷேக்கரில், அதாவது காக்டெய்ல் குலுக்கும் மூடிபோட்ட பாத்திரத்தில், முக்கால் பாகம் ஐஸை நிரப்பிக் குலுக்கினால், வேண்டிய குளிருக்கு வேண்டிய அளவு மட்டும் உருகி, மிச்சம் கட்டியாகவே நிற்கும். ஐஸைக் கூட்டினால் தண்ணீர் அளவுக்கு மீறிக் கூடிவிடாது, குளிர்தான் கூடும். முதலில் இதை நம்புவது கஷ்டம்.

ஆனால் ஐஸ் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்துப் போடுங்கள். வாளியில் அரைமணி நேரம் கிடந்து ஈரம் சொட்டும் ஐஸ், தன் மேலிருக்கும் தண்ணீரைக் குளிரவைக்கும் வேலை எதுவும் செய்யாமலே உள்ளே கொட்டிவிடும். ஃப்ரீசரில் மீன் வைத்திருந்தால் ஐஸை மூடிய டப்பாவில் வையுங்கள். இதை நான் ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

குலுக்குவது

முதலில், ஊற்றிக் குடிக்கும் கிளாஸை ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்துவிடுங்கள். டைகிரியைக் காம்பு வைத்த அகலமான கிளாஸில் கொடுப்பது அழகுக்காக மட்டுமல்ல. உள்ளே ஐஸ் இருக்காது, காம்பைப் பிடித்தால் கைச்சூடு பானத்துக்கு ஏறாது. காம்பு கிளாஸ் இல்லையென்றால் சின்ன டம்ளர் போதும், சீக்கிரம் குடித்துவிட வேண்டியதுதான்.

ஷேக்கர் இல்லையா? இறுக்கமான மூடியுள்ள, வாய் அகன்ற எவர்சில்வர் பாட்டில் போதும். கண்ணாடி ஜாடியில் ஐஸ்கட்டி மோதி விரிசல் விழலாம், அதனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ரம், சாறு, பாகு மூன்றையும் ஊற்றிய பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். ஐஸ் போடுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். எரியும், இனிக்கும், புளிக்கும், மூன்றும் தனித்தனியாகச் சண்டை போடும். அந்தச் சுவையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கால் பாகம் ஐஸ். மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்குங்கள். தாலாட்டுகிற மாதிரி ஆட்டக் கூடாது. ஐஸ் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் மோத வேண்டும். முதலில் கடகடவென்று சத்தம் வரும், ஓரங்கள் உடைந்து தேயத் தேய அது மழுங்கி, சளசளவென்று மாறும். பாத்திரத்தின் வெளிப்பக்கம் வெண்மையாகப் பூத்து, விரல் ஒட்டுவதுபோலக் குளிரும். 12 முதல் 15 வினாடி. அதற்குள் ஐஸும் மதுவும் கிட்டத்தட்ட ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடும். அதற்கு மேல் நீங்கள் அரை நிமிடம் ஆட்டினாலும் குளிரோ தண்ணீரோ பெரிதாகக் கூடாது, கைதான் வலிக்கும்.

மூடி திறக்க அடம்பிடித்தால் பயப்பட வேண்டாம், உள்ளேயிருந்த காற்று குளிர்ந்து சுருங்கி மூடியை இழுத்துப் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் விடும். சோடாவை மட்டும் ஒருபோதும் உள்ளே ஊற்றிக் குலுக்காதீர்கள். அது நேரெதிராக வேலை செய்யும், கூரையைத் துடைக்க வேண்டிவரும்.

டீ வடிகட்டி வழியாகக் கிளாஸில் வடிகட்டுங்கள். ஐஸ் சில்லுகள் வடிகட்டியில் நின்றுவிடும். மேலே ஒரு மெல்லிய நுரை, அடியில் பால் கலந்ததுபோல மங்கலான வெளிர்பச்சை. உள்ளே போன காற்றின் வேலை அது. இப்போது குடித்துப் பாருங்கள். சண்டை ஓய்ந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் அந்த மருந்து மூடியாலேயே அளந்து பாருங்கள். 100 மி.லி. உள்ளே போனது, ஏறக்குறைய 145 மி.லி. வெளியே வரும். அதாவது எலுமிச்சைச் சாற்றைவிட இரு மடங்குக்கும் மேலாக ஐஸ் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஊற்றும்போது 24 சதவீதமாக இருந்த ஆல்கஹால் 16, 17 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும், ஒயினைவிடக் கொஞ்சம் அதிகம். தொண்டை எரிச்சல் அடங்கியதற்கும் எலுமிச்சை வாசம் மேலே வந்ததற்கும் இதுதான் காரணம்.

எரிச்சல் அடங்கினாலும் உள்ளே இருப்பது முழுசாக 60 மி.லி. ரம்தான், பழகியவர்கள் மொழியில் ஒரு லார்ஜ். சுத்த ஆல்கஹாலாகக் கணக்கிட்டால் 19 கிராம். எலுமிச்சை ஜூஸ் மாதிரி இறங்கும் என்பதால் மூன்றாவது கிளாஸ் வரை தெரியாது, நாலாவதில் மொத்தமாகத் தெரியும். வண்டிச் சாவியை முன்பே வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

நாக்குக்கு ஏற்றபடி

முதல் கிளாஸ் சரியாக அமையாவிட்டால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இனிப்பு தூக்கலாக இருந்தால் பாகை 15 மி.லி. ஆக்குங்கள். எனக்குப் பிடித்தது அதுதான். புளிப்பு தூக்கலென்றால் பாகை ஒரு தேக்கரண்டி கூட்டுங்கள், சாற்றைக் குறைக்காதீர்கள். எரிகிறதென்றால் பெரும்பாலும் ரம் அதிகமில்லை, குலுக்கியது போதவில்லை.

குளிர் கூடக்கூட நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால்தான் உருகிய ஐஸ்கிரீம் திகட்டுகிறது. மிக்ஸியில் ஐஸோடு அடிக்கும் டைகிரிக்கு இன்னும் பாகு கேட்பதும் இதனால்தான். ஹவானாவின் எல் ஃப்ளோரிடிட்டா மதுக்கூடம் அந்த அடித்த வகைக்குப் புகழ்பெற்றது. அங்கே வாடிக்கையாளராக இருந்த எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே சர்க்கரை இல்லாமல், ரம்மை இரட்டிப்பாக்கிக் கேட்பாராம். அவர் பெயரிலேயே கிரேப்ஃப்ரூட் சாறும் மராஸ்கினோ என்ற செர்ரி மதுவும் சேர்ந்த ஒரு டைகிரி இன்றும் இருக்கிறது. அவர் நாக்கு அவருக்கு.

கணக்கு பிடிபட்டுவிட்டால் பல கதவுகள் தானாகத் திறக்கும். ரம்மை எடுத்துவிட்டு விஸ்கி, லைமுக்குப் பதில் லெமன் என்றால் விஸ்கி சவர். டெக்கீலாவும், பாகுக்குப் பதில் ஆரஞ்சு லிக்யூரும் (ஆரஞ்சு வாசனையுள்ள இனிப்பு மது) என்றால் மார்கரிட்டா. பிராந்தியும் லெமனும் ஆரஞ்சு லிக்யூரும் சேர்ந்தால் சைட்கார். டைகிரியோடு புதினாவும் சோடாவும் சேர்ந்தால் ஏறக்குறைய மொஹிட்டோ, சோடா மட்டும் கடைசியில், கிளாஸில். பழச்சாறு இருந்தால் குலுக்கு, மது மட்டும் இருந்தால் கரண்டியால் கலக்கு என்பது பொது வழக்கம். மார்ட்டினி போன்றவை தெளிவாக இருக்க வேண்டும், குலுக்கினால் காற்று புகுந்து மங்கிவிடும்.

எட்டுப் பேர் வருகிறார்கள், எட்டு முறை குலுக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் இந்த நான்காவது பொருள் வெளிப்படையாக மேசைக்கு வரும். 480 மி.லி. ரம், 160 சாறு, 160 பாகு. ஐஸ் கிடையாது, அதனால் ஐஸ் தரவேண்டிய தண்ணீரை நாமே ஊற்ற வேண்டும்: ஆளுக்கு 45 என்று 360 மி.லி. குடிதண்ணீர். ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினால் மேலே கொஞ்சம் இடம் மிஞ்சும். விருந்து நாளன்றே கலந்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்து நன்றாக ஒரு குலுக்கு குலுக்கி ஊற்ற வேண்டியதுதான். மறந்து இரவு முழுக்க விட்டால் கூழாக உறைந்திருக்கும், அதையும் கரண்டியால் சாப்பிடலாம்.

ஒன்று மட்டும், அந்தத் தண்ணீரை விருந்தாளிகள் வருவதற்கு முன்பே ஊற்றிவிடுங்கள். நல்ல ரம்மில் ஒன்றரை டம்ளர் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதை என் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, பாட்டிலைப் பிடுங்கவே வந்துவிட்டார். குடித்து முடித்ததும் குறிப்பு கேட்டார். எழுதிக் கொடுத்தேன், தண்ணீரையும் சேர்த்து.